ஓ.எஸ்.ஆர். ஐயாவுக்கு ஒரு மனு

ஒன்றிய அலுவலகத்தில் ரோஸ்லின் மேடம் என் மனுவை முதல் தடவை படித்தபோது ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை படிப்பதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டார். மூன்றாம் தடவை, பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காகிதத்தை நீட்டினார். அவர் படித்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்த சத்தம் தண்ணீர் குடிக்கிற சத்தமாக இல்லை.

மனுவில் நான் அப்படி ஒன்றும் தப்பாக எழுதிவிடவில்லை. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ‘அனுப்புநர்’ என்ற இடத்தில் என் பெயர், தனலட்சுமி. ‘பெறுநர்’ என்ற இடத்தில் ‘உயர்திரு ஓ.எஸ்.ஆர். ஐயா அவர்கள், நில உரிமையாளர்’ என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தேன். அவருடைய விலாசம் தெரியாததால் ‘ஒன்றிய அலுவலகம் வழியாக’ என்று சேர்த்திருந்தேன்.

உள்ளே விஷயம் இதுதான்: என் கணவர் ஏகாம்பரத்துக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். எங்கள் நகரில் தங்களுக்குச் சொந்தமான காலி இடத்தில் காலை வேளையில் மட்டும் அவர் நடந்துகொள்ளத் தாங்கள் பெரிய மனது வைத்து அனுமதிக்க வேண்டும். அவர் அமைதியானவர். செடி கொடி எதையும் மிதிக்கமாட்டார் என்பதற்கு நான் பொறுப்பு.

அந்த அமைதியானவர் எனக்குப் பின்னால் பெஞ்சில், மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏம்மா, இந்த ஓ.எஸ்.ஆர். யாருன்னு தெரியுமா உங்களுக்கு?” என்றார் மேடம்.

பெரிய மனிதர் என்று தெரியும், பார்த்ததில்லை என்றேன்.

மேடம் பதில் சொல்வதற்கு முன்னால் அவரை அப்படியே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, நாம் கொஞ்சம் பின்னால் போய்வர வேண்டும். போன வாரம் இந்தப் பத்தியில், கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நடந்த சண்டையை எழுதியதற்கு, ‘நீங்கள் விஷயத்துக்கு வருவதற்குள் பஸ் டிப்போவுக்கே போய்விடுகிறது’ என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். உண்மைதான். ஆனால் எனக்கு இப்படித்தான் வரும்.

கல்லில் மூன்று எழுத்து

எங்கள் நகர் ஒரகடம் போகிற பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வேர்க்கடலை போட்ட நிலத்தை மனையாகப் பிரித்து விற்றார்கள். பெயர் மகாசக்தி நகர். சக்தி என்று பார்த்தால் அப்போது மின்சாரக் கம்பம்கூட வரவில்லை. நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோது மொத்தமே ஏழெட்டு வீடுகள்தான்.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பெரிய காலி இடம். நான்கு வேப்பமரம். மூலையில் ஒரு கல். அந்தக் கல்லில் சிவப்புப் பெயிண்டில், ஆங்கிலத்தில், ஓ.எஸ்.ஆர். என்று எழுதியிருந்தது.

நம் பக்கத்தில் மூன்று எழுத்து இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு பெரிய மனிதர் இருப்பார். அரிசி மில் வைத்திருப்பவர், கல்யாண மண்டபம் கட்டியவர், பஸ் விட்டவர், காலேஜ் நடத்துகிறவர், எல்லோரும் மூன்று எழுத்துதான். முழுப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கும். ஆகவே ஓ.எஸ்.ஆர். என்று படித்தவுடன் எங்கள் எல்லோருக்கும் மனக்கண்ணில் வெள்ளை வேட்டி தெரிந்துவிட்டது. ஓ என்றால் ஒரகடம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆர் என்பது ராமலிங்கமா ராஜமாணிக்கமா என்பதில் மட்டும்தான் இரண்டு கட்சி.

ஐயாவைப் பற்றி அதிகம் தெரிந்தவர் டீக்கடை கன்னியப்பன். காலையில் கடை திறந்து, பால் பொங்கும்போதே ஐயாவைப் பற்றிய செய்தியும் பொங்கும். ஐயாவுக்குப் பென்னலூர் பக்கம் இரண்டு குடோன் இருக்கிறது என்பார். ஐயாவின் பி.ஏ. ஒருநாள் கடைக்கு வந்து சர்க்கரை இல்லாமல் டீ குடித்துவிட்டுப் போனதாகச் சொல்வார். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட அந்த மழை வருஷத்தில், யாரோ ஒரு வேன் நிறையச் சாப்பாட்டுப் பொட்டலம் எங்கள் நகருக்கு அனுப்பினார்கள். பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லாமல் கொடுக்கிறவர் வேறு யாராக இருக்க முடியும் என்று கன்னியப்பன் கேட்டார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தக்காளி சாதம் நன்றாக இருந்தது.

அதனால் அந்த இடத்தில் ஒரு குப்பை விழாது. கொடியில் காய்ந்த துணி காற்றில் பறந்து உள்ளே விழுந்துவிட்டால், செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போய் எடுத்து வருவோம். ஆயுத பூஜைக்குக் கன்னியப்பன் தன் அடுப்புக்குப் பொட்டு வைத்த கையோடு கல்லுக்கும் வைப்பார்.

நான் வயரிங் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் க்யூ.சி. பார்த்தவள். மஞ்சள் வயர் இருக்க வேண்டிய இடத்தில் இளமஞ்சள் இருந்தால் நடந்து போகும்போதே கண்டுபிடிப்பேன். அந்தக் கல்லில் எஸ்ஸுக்குப் பிறகு புள்ளி வைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்பதைக்கூடக் கவனித்து வைத்திருந்தேன். அந்த மூன்று எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

நாற்பது நிமிஷம்

என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். பணிக்காலம் முழுக்க உட்கார்ந்தபடியே டன் கணக்கில் தூக்கிவிட்டு, ரிட்டயரான பிறகு ஒரு தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஸ்டென்ட் வைத்து அனுப்பும்போது டாக்டர் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். தினமும் நாற்பது நிமிஷம் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் இங்கேதான் வர வேண்டியிருக்கும், அடுத்த தடவை இவ்வளவு சுலபமாக இருக்காது என்று.

எனக்குப் பயமாக இருந்தது. அதை வெளியில் காட்டத் தெரியாமல் அவரைத் திட்டினேன். அது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும்.

நட என்றால் எங்கே நடப்பது? பெரிய சாலைக்குப் போனால் கண்டெய்னர் லாரி. ஓரமாகப் போனால் அங்கே இன்னொரு கண்டெய்னர் லாரி நின்றுகொண்டிருக்கும். முதல் நாள் காலையில் புது பனியன், துண்டு சகிதம் அனுப்பிவைத்தேன். நாற்பது நிமிஷம் ஆயிற்று, ஒரு மணி நேரம் ஆயிற்று, ஆளைக் காணோம். பிறகு போன் வந்தது. சாலை ஓரமாகப் போய்க்கொண்டிருந்தவரைப் பார்த்துக் கம்பெனி பஸ் நின்றிருக்கிறது. பழைய டிரைவர், தெரிந்த முகம். இவர் பழக்க தோஷத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். போன் பண்ணியது கம்பெனி கேட்டிலிருந்து.

அப்புறம் மொட்டை மாடியில் நடக்கச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஏழு சுற்று போவதற்குள், மாடி போர்ஷனில் குடியிருக்கும் செல்வகுமார் கலைந்த தலையோடு இறங்கி வந்தான். தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை, எப்போதும் நைட் ஷிப்ட். “யக்கா, மேல என்ன நடக்கு? தலைக்கு மேல டொம்மு டொம்முன்னு கேக்கு. இப்பதான் வந்து கண்ண மூடுனேன்” என்றான். பாவமாக இருந்தது. பிறகு கூடத்தில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடந்தார். பத்து சுற்றுக்கு ஒரு தடவை தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்துக்கு எதிரே டி.வி. இருந்தது.

வாசலில் நின்று பார்த்தால் எதிரே அந்த இடம். சதுரமாக, சுத்தமாக, நிழலோடு. ஒரு மனுஷர் நடப்பதற்கு என்றே செய்துவைத்த மாதிரி. அதில் காலெடுத்து வைக்கத்தான் ஓ.எஸ்.ஆர். ஐயாவிடம் அனுமதி கேட்டு மனு எழுதினேன்.

மேடம் சொன்னது

இப்போது மேடத்திடம் திரும்பிவிடலாம். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நல்ல விதமாகத்தான் சொன்னார்.

“ஓ.எஸ்.ஆர்.னா ஆளு இல்லம்மா. ஓப்பன் ஸ்பேஸ் ரிசர்வேஷன். மனை போடறவங்க பொதுமக்களுக்குன்னு விடவேண்டிய இடம். பூங்காவுக்கு. அது உங்க இடம்மா. உங்க இடத்துல நடக்கறதுக்கு நீங்களே மனு எழுதிகினு வந்திருக்கீங்க.”

நான் வாயடைத்து நின்றது என் ஆயுளில் மொத்தம் இரண்டு தடவை. இது முதலாவது.

பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்: “அப்ப டீ குட்ச்சிட்டுப் போன பி.ஏ. யாரு?”

மேடம் எழுந்துபோய் பீரோவிலிருந்து எங்கள் நகரின் வரைபடத்தை எடுத்துவந்து விரித்தார். எதிர் இடத்தில் பச்சைக் கோடு போட்டு ‘பூங்கா’ என்று தெளிவாக எழுதியிருந்தது. என் கண் நிறைந்துவிட்டது. அப்புறம் மேடம் இன்னொரு காகிதத்தைத் தேடினார். அது கிடைக்கவில்லை. மறுபடி தேடினார். முகம் மாறிவிட்டது.

மனை போட்டவர் சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி ஊராட்சிக்குக் கொடுத்திருந்தார். பூங்கா இடத்தைக் கொடுக்கவே இல்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர் அப்படியே மறந்திருக்கிறார். வரைபடத்தில் பூங்கா, பட்டாவில் அவர் பெயர். இந்த நிலையில் அவர் யாருக்காவது விற்றுவிட்டால் வாங்கியவர் சுவர் எழுப்பிவிடுவார், பிறகு வழக்கு வாய்தா என்று நம் ஆயுசு போய்விடும் என்றார் மேடம்.

அவரைப் பிடித்து எழுதி வாங்குங்கள், ஊராட்சிப் பக்கத்து வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். “பத்திரம் பதிவு ஆகற வரைக்கும் யாராண்டயும் சொல்லாதீங்க.”

சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் எங்கள் நகர்ப் பெண்மணி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

நம்மளுது

இறங்குவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நானே வீடு வீடாகப் போய் ‘அது நம்மளுதாம், நம்மளுதாம்’ என்று சொல்லிவிட்டு வந்தேன். ஸ்வீட் கொடுக்காததுதான் குறை.

அந்த வாரமே ஒரு வீட்டுக்காரர் தன் கட்டட வேலைக்கு ஒரு லோடு எம்.சாண்ட் கொண்டுவந்து உள்ளே கொட்டினார். மறுநாள் ஒரு வைக்கோல் போர் வந்தது. கல்லுக்கு முட்டுக்கொடுத்த மாதிரி ஒரு கால் டாக்ஸி நிற்க ஆரம்பித்தது. வேப்பமரத்தடியில் யாரோ மூன்று செங்கல்லை நிறுத்தி மஞ்சள் துணி சுற்றிவைத்தார்கள். அடுத்த வாரம் அதற்கு ஒரு தகரக் கூரை முளைத்தது. மரத்துக்கு மரம் கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள். யாரும் செருப்பைக் கழற்றவில்லை.

கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். “நம்மளுதுதானே?”

ஓ.எஸ்.ஆர். ஐயாவின் இடமாக இருந்தவரைக்கும் அதைத் தொட எல்லோருக்கும் பயம். நம்முடையது என்று தெரிந்தவுடன் ஆளுக்கு ஒரு மூலை. இல்லாத ஒரு மனிதர் இத்தனை வருஷம் காவல் காத்ததை, இருக்கிற நான் ஒரே சாயங்காலத்தில் கெடுத்துவிட்டேன். வெளியே போய் யாரைத் திட்டினாலும் கடைசியில் அது என்மேல்தான் வந்து விழுந்தது.

கன்னியப்பன் மட்டும் அந்த இடத்தில் ஒரு டீத்தூள் சக்கைகூடக் கொட்டவில்லை. நான் சொன்ன கதையை அவர் நம்பவே இல்லை. காற்று வாங்குவதற்காக ஒருத்தன் இவ்வளவு இடத்தைச் சும்மா விட்டுவைப்பானா, உனக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள், ஐயா வெளியூரில் இருக்கிறார், வந்தால் தெரியும் என்றார்.

மணிமங்கலம் போகும் வழி

மனை போட்டவர் பெயர் தாமோதரன். மணிமங்கலத்தில் இருந்தார். எழுபது தாண்டிவிட்டது. கோயிலுக்குப் போவதும் வருவதுமாக நாளைக் கழித்துக்கொண்டிருந்தார். எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். பூங்கா என்றதும் தலையில் கைவைத்துக்கொண்டார். கொடுக்கிறேன் என்று வாயால் சொன்னது ஞாபகம் இருக்கிறது, நான் கொடுத்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார். நல்ல மனிதர். உள்ளேயிருந்து அவருடைய மகன் வந்தார்.

மகன் நல்லவரா கெட்டவரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா வாயால் சொன்னதற்கெல்லாம் என்னால் பொறுப்பேற்க முடியாது, பட்டா எங்கள் பெயரில் இருக்கிறது, கம்பெனி ஆட்களுக்கு ஹாஸ்டல் கட்ட ஒரு பார்ட்டி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், இடத்தைப் பார்க்க வரப்போகிறார்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மறைக்கவில்லை என்பதால் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. கோபப்பட்டேன், அது வேறு விஷயம்.

அதன்பிறகு ஆரம்பித்தது அலைச்சல். வரைபடத்தின் நகல் ஓரிடத்தில், வில்லங்கச் சான்றிதழ் இன்னோரிடத்தில், நில அளவைப் படம் வேறோரிடத்தில். ஓரிடத்தில் மாடிப்படி, இன்னோரிடத்தில் வரிசை. கையெழுத்துப் போடுகிறவர் இருக்கும்போது ஜெராக்ஸ் இருக்காது. ஜெராக்ஸ் கடை தெருக்கோடியில் இருக்கும். அங்கே போய் வந்தால் கையெழுத்துப் போடுகிறவர் மீட்டிங்கில் இருப்பார். நடுவில் ஆறு தடவை மணிமங்கலம். பஸ் நிறுத்தத்திலிருந்து அவர்கள் வீடு ஒரு நல்ல தூரம்.

ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரர் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். வரவேண்டாம், வீட்டில் இருந்து ரெஸ்ட் எடுங்கள் என்றாலும் கேட்கமாட்டார். நான் முன்னால் எல்லோரையும் திட்டிக்கொண்டே நடப்பேன். அவர் பின்னால் ஊம் கொட்டிக்கொண்டே வருவார். “அந்தாளு தப்பு இன்னா கீது, அவனுக்கு மேல கீறவன் சொல்றத செய்றான்” என்று எதிராளிக்கு வக்காலத்து வாங்குவார். அதற்கு இன்னும் இரண்டு தெருவுக்கு வாங்கிக்கட்டிக்கொள்வார்.

செக்கப்புக்குப் போனபோது டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மறுபடி பெயரைச் சரிபார்த்தார். ரொம்ப நன்றாக இருக்கிறது, தினமும் நடக்கிறீர்களா, எங்கே நடக்கிறீர்கள் என்று கேட்டார்.

“தாலுக்கா ஆபீசுல” என்றார் இவர்.

ஞாயிற்றுக்கிழமை வந்த கார்

ஹாஸ்டல் பார்ட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். நான் பால் பாக்கெட் வாங்கக் கன்னியப்பன் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பெரிய கார், அதிலிருந்து ஒரு கனத்த மனிதர் இறங்கினார். கூடவே தாமோதரனின் மகன். எங்கள் நகர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார்கள். எம்.சாண்டுக்காரர் இருந்தார், வைக்கோல்காரர் இருந்தார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் ஓடிப்போய் இது பூங்கா இடம் என்று கத்தலாமென்றால், உள்ளே மணல் மேடும் வைக்கோல் போரும் ஜட்டி பனியனும்தான் தெரிகிறது. எதைக் காட்டிப் பூங்கா என்பது?

மகன் போன் பேசிக்கொண்டே அந்தப் பக்கம் நகர்ந்தார். கனத்த மனிதர் டீக்கடைக்கு வந்தார். நிலம் வாங்குகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான், பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் டீக்கடையில் கேட்பார்கள். ஒரு டீ சொல்லிவிட்டு, எதிரே இருக்கிற இடம் எப்படி, ஏதாவது பிரச்சினை உண்டா என்றார்.

கன்னியப்பன் டீ ஆற்றுவதை நிறுத்தினார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

“சார், பாத்தா படிச்சவரா கீறீங்க. அந்த எடம் வாணாம். அது ஓ.எஸ்.ஆர். எடம்.”

“என்னது?”

“ஓ.எஸ்.ஆர். சார். ஊருக்கே தெரியும். கல்லுலயே எழுதிகீது, போய்ப் பாருங்க. கை வெச்சா அப்பறம் கோர்ட்டு கேசுன்னு அலைய வேண்டியதுதான். ஒருத்தரையும் உட்டு வெக்கமாட்டாரு.”

கனத்த மனிதர் விடுவிடுவென்று சாலையைத் தாண்டிப் போனார். டாக்ஸியைச் சுற்றிக்கொண்டு போய்க் குனிந்து கல்லைப் பார்த்தார். கையால் தூசியைத் துடைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. “ஓ.எஸ்.ஆர். இடத்தையா என் தலையில கட்டப் பாத்தீங்க?” என்று மகனைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில் மரத்தில் இருந்த காக்கையெல்லாம் எழும்பிவிட்டது. அதில் கட்டடம் கட்டினால் அதிகாரிகள் வந்து இடித்துவிட்டுப் போவார்கள், எனக்கு என்ன பைத்தியமா என்று கேட்டார். டீயைக்கூடக் குடிக்கவில்லை. கார் போன வேகத்தில் புழுதி எங்கள் கிளாஸில் விழுந்தது.

கன்னியப்பன் என் பக்கம் திரும்பினார்.

“பாத்தியாம்மா? எம்மாம் பெரிய ஆளு, பேரக் கேட்ட ஒடனே ஓட்றான். நீ இன்னாடான்னா அப்டி ஒரு ஆளே இல்லன்ற.”

நான் வாயடைத்து நின்ற இரண்டாவது தடவை இது. ஆனால் இந்தத் தடவை நானாகவேதான் அடைத்துக்கொண்டேன். ஓப்பன் ஸ்பேஸ் என்ற வார்த்தை தொண்டைவரைக்கும் வந்தது. பால் பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுங்கிவிட்டேன்.

மறுநாள் மதியத்துக்குள் மணல் போய்விட்டது. வைக்கோல் போர் பின்னாலேயே போயிற்று. டாக்ஸி சொந்த வாசலில் நின்றது. மூன்று செங்கல்லையும் யாரோ பக்தியோடு பிள்ளையார் கோயில் மதிலோரம் சேர்த்துவிட்டார்கள். ஐயா திரும்பி வந்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தாரை வார்த்தது

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டு, கல்லைப் பார்த்துவிட்டுப் போனார்கள். விற்க முடியாத இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மகனுக்கே அலுத்துவிட்டது. கொடுத்துத் தொலைங்கப்பா என்று சொல்லிவிட்டார். தாமோதரன் எனக்கு அவரே போன் செய்தார். ஆடி மாசம் மட்டும் போகட்டும் என்றார். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பதிவு அலுவலகத்துக்கு வந்தார், பட்டு வேட்டியில்.

கையெழுத்து, கைரேகை, போட்டோ எல்லாம் முடிந்தது. எல்லோரும் எழுந்தோம். தாமோதரன் எழவில்லை. தானம் என்றால் தாரை வார்க்க வேண்டும், தண்ணீர் விடாமல் கொடுத்தது தானமாகாது என்றார். இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். இடத்தைக் கொடுக்கிறவனே நான், எனக்கு இடமில்லையா என்றார் அவர். கடைசியில் ஊராட்சி சார்பில் வந்திருந்தவர் கையை நீட்டினார். என் வீட்டுக்காரர் துணிப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். பத்திரத்தை நனைத்துவிடாதீர்கள் என்று பதிவாளர் பதறிக்கொண்டே இருக்க, தாமோதரன் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகத் தாரை வார்த்தார். ரோஸ்லின் மேடம் அந்த ஈரத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். அவர் கண்ணும் கொஞ்சம் ஈரமாகத்தான் இருந்தது.

எட்டு

வேலை முடிந்து பூங்கா திறக்க இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. பெரிய பூங்கா இல்லை. சுற்றிலும் கம்பி வேலி, இரண்டு சிமெண்டு பெஞ்சு, எட்டு வடிவத்தில் ஒரு நடைபாதை, அந்த நான்கு வேப்பமரம். திறந்த மறுநாள் காலையில் என் வீட்டுக்காரருக்குப் புது ஷூ மாட்டி, கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டு, நாற்பது நிமிஷம் ஒரு நிமிஷம் குறையக்கூடாது என்று சொல்லிவிட்டு இட்லி ஊற்ற வந்துவிட்டேன். மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

பத்து நிமிஷம் கழித்து மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

முதல் நாள், போகட்டும் என்று விட்டேன். மறுநாளும் பெஞ்சு. அதற்கு மறுநாளும். ஒரு சுற்று போவார், உட்கார்ந்துவிடுவார். பத்து நாள் பார்த்தேன். பதினோராம் நாள் கரண்டியோடு நேரே போய் நின்றேன். பக்கத்தில் நடந்துகொண்டிருந்த நாலு பேர் எட்டை விட்டு வெளியே நடக்க ஆரம்பித்தார்கள். எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினேன், எத்தனை பேர் காலில் விழாத குறையாகக் கேட்டேன், யாருக்காக இதெல்லாம் என்று கேட்டேன். உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்றும் கேட்டுவிட்டேன். அதுவரைக்கும் அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவர் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“ஆபீசுக்குன்னா நீ கூட வருவ. வழியெல்லாம் யாரையாச்சும் திட்டிகினே வருவ. இங்க கேட்டாண்ட உட்டுட்டு வூட்டுக்குப் பூட்ற. நான் யாரோட நடக்கறது?”

கல்யாணம் ஆனதிலிருந்து எனக்குக் காலை ஷிப்ட், அவருக்கு நைட். அவர் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிற நிறுத்தத்தில்தான் நான் ஏறுவேன். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, குழம்பு சட்டியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஏறிவிடுவேன். கல்யாண வாழ்க்கையில் பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியம்தான் பேசியிருக்கிறோம். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தெரு நீளத்துக்கு நடந்ததே இந்தப் பூங்காவுக்காக அலைந்தபோதுதான். எனக்கு அது அலைச்சல். அவருக்கு அது வேறாக இருந்திருக்கிறது.

வீட்டுக்குப் போய் அடுப்பை அணைத்தேன். கரண்டியை வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

அன்று நாற்பது நிமிஷமும் நடந்தோம். திட்டுவதற்கு வேறு ஆள் கிடைக்காததால் அவரையே திட்டிக்கொண்டு நடந்தேன். அவர் ஒரு சுற்றுகூடக் குறைக்கவில்லை.